வாங்க, உக்காருங்க, எழுதாதீங்க

எங்கள் பக்கத்தில் மிரட்டலுக்கும் மரியாதை உண்டு. "கையை ஒடிச்சுப் போடுவமுங்க" என்பார்கள். ஒடிப்பதும் நிச்சயம், ‘ங்க’வும் நிச்சயம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு உருகிப் போகிறார்கள். கொங்குத் தமிழைப் போல மரியாதையான தமிழ் உண்டா, கைக்குழந்தையைக்கூட ‘வாங்க போங்க’ என்கிறார்களே என்று சிலாகிக்கிறார்கள். நான் ஈரோட்டிலேயே நரைத்தவன். அந்த ‘ங்க’ யார் வாசல்வரை வரும், யார் வாசலுக்கு முன்னால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் அறுபது வயசுக்காரரை இருபது வயசு முதலாளி மகன் "டேய், இங்க வாடா" என்று கூப்பிடும்போது ‘ங்க’ எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது என்பதற்கு நன்னூலில் விதி இல்லை.

மரியாதையைப் பற்றி இப்போது எழுதக் காரணம், எனக்கு ஒரு வேலை வந்தது. கவிஞர்கள் மாதம் ஒருமுறை கூடும் அமைப்பு ஒன்று இங்கே இருக்கிறது. பெயர் வேண்டாம், எந்தப் பெயரைச் சொன்னாலும் இன்னும் நாலு அமைப்புகள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வரும். தலைவர் நூல் வியாபாரி. தறிக்குப் போகிற நூல்தான், படிக்கிற நூல் இல்லை. அந்தக் குழப்பத்தில்தான் தலைவரானார் என்பது பொறாமைக்காரர்கள் பேச்சு. அவர் என்னைக் கூப்பிட்டு, "கவிஞருங்களுக்குள்ள மரியாதை கொறஞ்சு போச்சுங்க. புதுசா வர்றவங்க மெரண்டு ஓடீர்றாங்க. எல்லாரும் நல்ல மாதிரி நடந்துக்கறதுக்கு நாலு விதி எழுதிக் குடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அதற்கு முந்தைய மாதம் நடந்த கூட்டத்தில் நான் இருந்தேன். விதி வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பெருந்துறை ரோட்டில் ஒரு மண்டபத்து மாடி. தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, பொன்னாடை, ஆறு வாழ்த்துரை, ஆறு பொன்னாடை. ஜவுளிச் சந்தை ஊரில் பொன்னாடைக்கா பஞ்சம்? கனி மார்க்கெட்டில் டஜன் கணக்கில் எடுத்தால் விலை குறையும், கவிஞர் எண்ணிக்கை கூடும். இதெல்லாம் முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் கவிதைக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். வீரப்பன்சத்திரத்தில் தறி ஓட்டும் ஒரு பெண் முதல் தடவையாக வந்திருந்தாள். கையில் மடித்த காகிதம். தன் அம்மா தோட்டத்து வேலைக்குப் போன காலத்தைப் பற்றிய கவிதை. அந்தத் தோட்டத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும், அம்மா அந்தப் பிள்ளைக்கு ‘சொல்லுங்க சாமி’ என்று பதில் சொன்னதையும் எழுதியிருந்தாள். குரல் நடுங்கியது. கவிதை நடுங்கவில்லை.

படித்து முடித்ததும் மின்விசிறிச் சத்தம் கேட்டது. தலைவர் தொண்டையைச் செருமி, "நல்லா இருக்குதுங்க அம்மணி. ஆனா நாலு பேரு மனசு நோகாம எழுதோணும்" என்றார். டீ வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப். (இரட்டைக் குவளையை நாங்கள் ஒழித்த விதம் இதுதான். குடித்துக் கசக்கிப் போடும் குவளையில் தீட்டு ஒட்டுவதில்லை.) ஒரு மூத்த கவிஞர் அவளிடம் போய் அன்பாகக் கேட்டார்: "அம்மணிக்கு எந்த ஊருங்க? அங்க யாரு வூடுங்க?" இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி புரியும். நம்மவராக இருந்தால் அடுத்த கேள்வி, "எந்தக் கூட்டமுங்க?" வெளியூர்க்காரர் கவிதைக் கூட்டம் என்று நினைத்துக்கொள்வார். இங்கே கூட்டம் என்றால் குலம். கவிதை படிக்க வந்தவளிடம் கவிதையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அவள் சொன்ன ஊர்ப்பேரையும் தெருப்பேரையும் வைத்து அவர் கணக்குப் போட்டு முடித்தார். கணக்கு முடிந்ததும் அடுத்த வாக்கியத்தில் ‘ங்க’ காணாமல் போயிருந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அன்று ராத்திரி அவள் போனுக்கு நாலு பேர் செய்தி அனுப்பினார்கள். ஒருவர் யாப்பு கற்றுத் தருவதாகச் சொன்னார், தனியாக. ஒருவர் ரோஜாப்பூப் படம். ஒருவர் தொகுப்பில் போட போட்டோ கேட்டார், முழு உயரத்தில். நாலாவது ஆள் எழுதியதை அவள் எனக்குக் காட்டவில்லை. "அதுல மட்டும் வாங்க போங்க இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை.

ஆகவே விதி அந்த நாலு பேருக்கு என்று நான் நினைத்ததில் தப்பில்லையே? தலைவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நிர்வாகக் குழு ஏற்கெனவே குறிப்பு எழுதி வைத்திருந்தது. நான் அதை நல்ல தமிழில் மாற்றித் தந்தால் போதுமாம். சாதி பற்றி எழுதக் கூடாது. மதம் கூடாது. அரசியல் கூடாது. பெண்கள் உடலைப் பற்றி எழுதக் கூடாது. யார் மனமும் புண்படக் கூடாது. மூத்த கவிஞர்களை விமர்சிக்கக் கூடாது. நாலு பேருக்கான விதியை எதிர்பார்த்துப் போனவன், அந்த ஒருத்திக்கான விதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இத்தனையும் கழித்தால் மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். நிலா இருக்கிறது. மழை இருக்கிறது. அம்மா இருக்கிறாள், யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவரை. தமிழ் இருக்கிறது, வாழ்க என்று சொல்லும் அளவுக்கு. நதியை எழுதலாம், காலிங்கராயன் வாய்க்காலில் என்ன நிறத்தில் தண்ணீர் போகிறது என்று எழுதக் கூடாது, புரவலர்களில் ஒருவருக்குச் சாயப்பட்டறை இருக்கிறது. நொய்யலை எழுதினால் பழைய நொய்யலை எழுத வேண்டும், ஒரத்துப்பாளையம் அணைக்கு முந்தைய நொய்யலை. காதலை எழுதலாம், காதலிப்பவர்கள் யார் யார் என்று தெரியாதவரை. இந்த ஊரில் காதல் கவிதை இவ்வளவு மொட்டையாக ஏன் இருக்கிறது என்று விமர்சகர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். காதலர்களுக்கு ஊர் கொடுத்தால் தெரு கொடுக்க வேண்டும். தெரு கொடுத்தால் கணக்கு ஆரம்பித்துவிடும்.

பாவம், இந்த விதிகளைத் தலைவர் கண்டுபிடிக்கவில்லை. கவிஞர்களையும் எழுத்தாளர்களையும் மரியாதையாக நடக்க வைப்பது எப்படி என்று கொங்கு நாடு ஏற்கெனவே ஒரு பாடம் எழுதி வைத்திருக்கிறது. அரசாங்க முத்திரையோடு எழுதியது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010 கடைசியில் வந்தது. நாலு வருஷம் ஒரு மனசும் புண்படவில்லை. காரணம் ரகசியமல்ல, புண்பட வேண்டுமானால் படிக்க வேண்டும். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அந்த நாவலின் சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டுக் கைக்குக் கை போயின. தமிழ் இலக்கியம் எங்கள் மாவட்டங்களில் இவ்வளவு வேகமாகப் பரவியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு நாவலின் பத்துப் பக்கத்தை மட்டும் படித்து ஊரே கொதிக்கும் என்றால், முழுசாக எழுதி என்ன பயன் என்று பதிப்பாளர்கள் யோசிக்க வேண்டும். டிசம்பர் 26 அன்று நூலை எரித்தார்கள். ஜனவரி 9 அன்று கடையடைப்பு. டீக்கடை முதல் லாரி பட்டறைவரை ஷட்டர் இறங்கியது, ஒரு கதைக்காக. ஒரு கதையை இவ்வளவு பெரிதாக மதித்த வேறு ஊர் உண்டா என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன், வெட்கப்படுவதற்கு முன்னால்.

ஜனவரி 12, 2015. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. சொல்லை நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் கடைகளை மூடவும் புத்தகத்தை எரிக்கவும் திராணியுள்ள கும்பல். மறுபக்கம் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியார். நடுவில் மாவட்ட வருவாய் அலுவலர். நில அளவைத் தகராறையும் வாய்க்கால் வரப்புச் சண்டையையும் தீர்த்து வைக்கும் பதவி, அன்று நாவலை அளந்தது. எழுத்தாளர் ‘வருத்தம்’ தெரிவித்து எழுதிக் கொடுத்தார். போதாது என்றார்கள். ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ என்று இருக்க வேண்டும். தமிழ்ப் பேராசிரியருக்கே சொல் தேர்வு கற்றுக்கொடுத்தது அந்த அறை. திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எரித்தவர்களிடம் யாராவது கையெழுத்துக் கேட்டார்களா? இனிமேல் எந்தப் புத்தகத்தையும் எரிக்க மாட்டோம், ஒரு ஆசிரியரையும் அவர் மனைவியையும் ஊரைவிட்டுக் கிளம்ப வைக்க மாட்டோம் என்று ஒரு வரி? அவர்கள் பொதுமக்கள். பொதுமக்களுக்கு உணர்வு இருக்கும், பொறுப்பு இருக்காது. எழுத்தாளனுக்குப் பொறுப்பு இருக்க வேண்டும், உணர்வு இருக்கக் கூடாது.

ஓரிரு நாளில் பெருமாள்முருகன் முகநூலில் அறிவித்தார்: எழுத்தாளன் இறந்துவிட்டான், மிச்சமிருப்பது பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டும், புத்தகம் வாங்கியவர்கள் எரித்துவிடலாம், நஷ்டத்தைத் தந்துவிடுகிறேன். அந்த நாளில் எங்கள் ஈரோட்டுக் கவியரங்குகளில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? பொங்கல் சிறப்புக் கவியரங்கம் நடந்தது. தலைப்பு, உழவே தலை. எல்லோரும் மரியாதையாக இருந்தோம். நானும் இருந்தேன். எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. இன்றுவரை அதை மடித்த மடிப்பு கலையாமல் பீரோவில் வைத்திருக்கிறேன், போர்த்திக்கொள்ளத் தைரியமில்லை.

ஈரோட்டுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. இந்தக் கரை கருங்கல்பாளையம், அந்தக் கரை பள்ளிபாளையம். 1921 ஜூலைக் கடைசியில் பாரதி கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு வந்து பேசினார். அவருடைய கடைசிப் பெரிய சொற்பொழிவு அதுதான் என்பார்கள். தலைப்பு, ‘மனிதனுக்கு மரணமில்லை’. பேசிவிட்டுப் போன கவிஞர் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். சாதிக் கட்டுப்பாட்டை மீறியதற்காகத் தன் தெருக்காரர்களாலேயே ஒதுக்கப்பட்ட அந்த மனிதருக்கு இங்கே நினைவு நூலகம் இருக்கிறது, வருஷா வருஷம் மாலை இருக்கிறது. செத்த கவிஞருக்கு எங்கள் ஊரில் ஒரு குறையும் வராது. மரணமில்லை என்று ஒருவர் பேசிய கரைக்கு எதிர்க் கரையில், தொண்ணூற்று நாலு வருஷம் கழித்து, நான் செத்துவிட்டேன் என்று இன்னொருவர் அறிவிக்க நேர்ந்தது. நடுவில் ஒரு பாலம் மட்டும் இருக்கிறது.

அதே 2015இல் அதே பாலத்தின் அந்தப் பக்கம் இன்னொன்றும் நடந்தது. ஜூன் மாதம், திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது, தலை வேறாக. தலித் இளைஞர். 2022இல் சாதி அமைப்புத் தலைவர் ஒருவர் உட்படப் பலருக்கு ஆயுள் தண்டனை. அர்த்தநாரீசுவரர் கோயிலின் பேர் கெட்டுவிட்டது என்று ஒரு நாவலுக்காகக் கடை அடைத்தார்களே, அந்தக் கோயில் வாசலிலிருந்தே ஒரு பையனை இழுத்துப்போனதற்கு அதே ஷட்டர்கள் இறங்கியதாக நான் கேள்விப்படவில்லை. மனம் புண்படுவதற்கும் ஒரு முகவரி வேண்டும்போல. இதை நான் கூட்டத்தில் சொன்னேன். "அது வேறைங்க, இது இலக்கியமுங்க" என்றார் ஒருவர். அவர் மனித நேயக் கவிஞர் என்று பட்டம் வாங்கியவர். பட்டத்துக்குக் கட்டணம் கட்டிய ரசீதும் வைத்திருக்கிறார்.

கரூரில் புலியூர் முருகேசன் என்று ஒரு எழுத்தாளர். ‘பாலச்சந்திரன் என்றொரு பெயரும் எனக்குண்டு’ என்ற சிறுகதைத் தொகுப்புக்காக 2015 பிப்ரவரியில் காரில் ஏற்றிக்கொண்டு போய் அடித்தார்கள். அடித்தவர்கள் மீது வழக்கு, அடிபட்டவர் மீதும் வழக்கு. பாரபட்சம் கூடாது அல்லவா?

நியாயமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் பொன்னாடைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் தமிழ்ச்செல்வன் பெருமாள்முருகனுக்காக உயர் நீதிமன்றப் படியேறினார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். நாமக்கல்லில் எழுதி வாங்கிய காகிதம் யாரையும் கட்டுப்படுத்தாது. நூல் பிடிக்கவில்லையா, தூக்கிப் போடுங்கள், படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுத்தாளர் திரும்பி வந்து எழுதட்டும். சென்னையில் இரண்டு நீதிபதிகளுக்குப் புரிந்த விஷயம் இது. வாயில் நுழையாத பட்டங்களைப் போட்டுக்கொண்டு திரியும் எங்கள் மாவட்டத்துக் கவிஞர் பெருமக்களுக்கு மட்டும் புரியவில்லை. பெருமாள்முருகன் திரும்பி வந்தார். பேசாமல் இருந்த காலத்தில் எழுதியவை ‘கோழையின் பாடல்கள்’ என்று கவிதைத் தொகுப்பாக அதே வருஷம் வந்தன. அடுத்து ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதரை எழுதினால் சங்கம் வரும், சாமியை எழுதினால் கடையடைப்பு வரும். வெள்ளாட்டுக்கு இன்னும் சங்கம் இல்லை. எங்கள் அமைப்பின் விதிகள் முழுசாக அமலானால் ஆட்டுக் கவிதைகள் பெருகும், தீவனம் மட்டும் கவிஞர்களே கொண்டுவர வேண்டும்.

‘பெண்கள் உடலைப் பற்றி எழுதக் கூடாது’ என்ற குறிப்புக்கு வருகிறேன். அந்தத் தாளில் இது மட்டும் அடிக்கோடிட்டு இருந்தது. தமிழில் ஆண்கள் பெண் உடலை எழுதி இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. உரையாசிரியர்கள் ஒவ்வொரு அங்கத்துக்கும் மேற்கோள் காட்டிப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று தலைப்பு வைத்ததும் தமிழ்ப் பண்பாட்டுக்கு மூச்சுத் திணறியது. அதுவரை அந்தச் சொல்லுக்கு ஆண்கள்தான் குத்தகைதாரர்கள். உடைமைக்காரி வந்து பத்திரம் கேட்டால் கோபம் வராதா? அவரையும் மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி போன்றவர்களையும் அண்ணா சாலையில் நிறுத்தி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும் என்று ஒரு சினிமாப் பாடலாசிரியர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவரிடம் எந்த வருவாய் அலுவலரும் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கவில்லை. மண்ணெண்ணெய் பேச்சுரிமை. முலை ஆபாசம்.

அந்தப் பட்டியலில் உள்ள சல்மா, துவரங்குறிச்சியில் வீட்டார் தூங்கியபின் கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதியவர். ஒரு மொழி தன் கவிஞருக்குக் கொடுத்த வரவேற்பறை அதுதான். 2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனதும் வாழ்த்துக் கவிதைகள் குவிந்தன, எங்கள் அமைப்பிலிருந்தும் இரண்டு. அவற்றில் ‘சகோதரி’ என்ற சொல் பதினோரு தடவை வருகிறது, அவர் கவிதை ஒரு தடவையும் வரவில்லை. சுகிர்தராணியின் இரண்டு கவிதைகளை 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியது, பாமாவின் எழுத்தோடு சேர்த்து. 2023இல் தனக்கு அறிவித்த ஒரு விருதை, விழாவுக்குப் பணம் தருவது அதானி குழுமம் என்று தெரிந்ததும் அவரே வேண்டாம் என்றார். "குடுக்கற மரியாதையை வேண்டாமுன்னு சொல்றது மரியாதைங்களா?" என்று எங்கள் பொருளாளர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவர் வாழ்நாளில் ஒரு துண்டைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குச் சிரிப்பு மூட்டியது, இந்த விதிகளை ஈரோட்டில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்பது. 1925 மே 2 அன்று பெரியாரின் ‘குடி அரசு’ இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. அது புண்படுத்தாத மனம் தமிழ்நாட்டில் பாக்கி இருந்ததா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 1933இல் ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், பத்திரிகையின் வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். எங்கள் விதிப்படி அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் உறுப்பினர் அட்டை ரத்து. ஆனாலும் பெரியார் பிறந்தநாளில் எங்கள் அமைப்பு நினைவகத்துக்கு ஊர்வலமாகப் போய் மாலை போடும். போன வருஷம் மாலை போட்டுவிட்டு வெளியே வந்த இடத்தில்தான் ஒருவர் புது உறுப்பினரிடம் "அங்க யாரு வூடுங்க?" என்று கேட்டார்.

மூத்த கவிஞர்களை விமர்சிக்கக் கூடாது என்றும் அந்தத் தாளில் இருந்தது. விமர்சனத்தை நான் மரியாதைக் குறைவு என்று நினைக்கவில்லை. 1971இல் கோயமுத்தூரில் ‘வானம்பாடி’ இதழ் வந்தபோது விலை போடவில்லை. ‘விலையிலாக் கவிமடல்’ என்று இலவசமாகக் கொடுத்தார்கள். புவியரசு, ஞானி, சிற்பி என்று தமிழ் வாத்தியார்கள் கைக்காசைப் போட்டு அச்சடித்தார்கள். அவர்களைக் கூச்சல்காரர்கள், கோஷக்காரர்கள் என்று சிறுபத்திரிகைக்காரர்கள் பிய்த்து எறிந்தார்கள். அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். தங்களுக்குள்ளும் அடித்துக்கொண்டார்கள். சண்டை வரிகளின் மேல் நடந்தது. யாரும் யாரையும் எந்தக் கூட்டம் என்று கேட்டு அடிக்கவில்லை. இன்று வரியைத் தொட்டால் ‘அவமரியாதை’ என்கிறோம், ஆளைத் தொட்டால் ‘உணர்ச்சி வேகம்’ என்கிறோம். கெட்ட கவிதையைக் கெட்ட கவிதை என்று முகத்துக்கு நேரே சொல்ல இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. கெட்ட வார்த்தையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்கு அனுப்ப ஆள் இருக்கிறது.

தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நானே எழுதினேன். ‘ங்க’ என்றால் எல்லோருக்கும் ‘ங்க’, இல்லாவிட்டால் தலைவருக்கும் கிடையாது. புதிதாக வந்தவரிடம் ஊரைக் கேட்கலாம், அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்பவர் அன்றைய டீச் செலவை ஏற்க வேண்டும். மேடையில் பொன்னாடை போர்த்துகிற கை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் பெண் உறுப்பினர்களுக்குச் செய்தி அனுப்பக் கூடாது. அனுப்பினால் அந்தச் செய்தியை அடுத்த கூட்டத்தில் அனுப்பியவரே மைக்கில் வாசிக்க வேண்டும், யாப்பு பிசகாமல். மனம் புண்பட்டவர்கள் முழுக் கவிதையையும் படித்ததாக எழுதித் தர வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. ஒரு கவிஞருக்கு மிரட்டல் வந்தால் மற்றவர்கள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அன்றைக்குக் கவியரங்கம் கிடையாது, உழவே தலையாக இருந்தாலும் சரி. போன மாதம் வராமல் நின்றுபோன பெண்ணின் வீட்டுக்கு நிர்வாகக் குழு நேரில் போக வேண்டும். போய் அவர்கள் வீட்டுக் குவளையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும்.

ஒரு வாரம் சத்தமில்லை. எட்டாம் நாள் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நூல் குடோனுக்குப் பின்னால் அவர் அறை. உள்ளே நிர்வாகக் குழு முழுசாக உட்கார்ந்திருந்தது. காபி வந்தது, கண்ணாடி டம்ளரில்.

"வாங்க, உக்காருங்க. விதியெல்லாம் அருமையா எழுதியிருக்கறீங்க. உங்களுக்குக் கைவந்த கலைங்க" என்றார் தலைவர்.

"ஆனா மூத்தவங்க சில பேரு மனசு நொந்து போச்சுங்க" என்றார் பொருளாளர்.

"அந்தக் கொவளை விசயமெல்லாம்... நம்ம ஆளுங்களை நாமளே அப்பிடி எழுதலாமுங்களா?" என்றார் மனித நேயக் கவிஞர்.

"பிரச்சினை ஒண்ணுமில்லீங்க. சுமுகமா முடிச்சுக்கலாம். நீங்க ஒரு கடுதாசி குடுத்துருங்க, அவ்வளவுதான்."

கடிதம் தயாராக இருந்தது, தட்டச்சு செய்து. கீழே என் பெயர், அதற்கு மேல் கோடு. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன் என்று இருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. தலைவர் நான் தயங்குவதாக நினைத்துக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். பிறகு அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"வருத்தம்னு போட்டிருக்குதுங்க. மன்னிப்புன்னு இருந்தா இன்னும் மரியாதையா இருக்குமுங்களே?"